காட்டாத கால்

விமானத்தில் ஏறுவதற்கு முன்பே இரண்டு கால்களிலும் முழங்கால் வரை இறுக்கமான காலுறைகளை மாட்டிக்கொண்டேன். பக்கத்து இருக்கைக்காரர் சென்னையில் இரும்பு வியாபாரம் செய்பவர். "கால்ல ஏதாச்சும் பிரச்சினையா சார்?" என்று கேட்டார். பிரச்சினை வராமல் இருக்கத்தான் என்றேன். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கெண்டைக்காலுக்குள் இரத்தம் உறைந்து கட்டியாகலாம், அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் ஆள் போய்ச் சேரவேண்டியதுதான் என்று விளக்கினேன். அதற்குப் பிறகு மனிதர் தூங்கவே இல்லை. கழிப்பறைக்கும் இருக்கைக்குமாக நடந்துகொண்டே வந்தார்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இது எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறேன். வைத்தியம் பார்ப்பவன் இல்லை. ஊசி போடத் தெரியாது, மருந்துச் சீட்டு எழுத உரிமையும் கிடையாது. என் பைத்தியமெல்லாம் ஒன்றின் மேல்தான். எடை என்பதே இல்லாத விண்வெளியில் மனிதனின் இரத்த ஓட்டம் என்ன ஆகிறது? பூமியில் நாம் நிற்கும்போது இரத்தம் காலை நோக்கி இறங்கப் பார்க்கிறது. இதயமும் குழாய்களும் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. விண்வெளியில் கீழ் என்று ஒரு திசையே இல்லை. காலில் இருந்த இரத்தம் நெஞ்சுக்கும் தலைக்கும் ஏறிவிடும். முகம் உப்பும், கால் மெலியும். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று உடம்பு ஏமாந்துபோய் அதைக் குறைத்துக்கொள்ளும். சில நாட்களில் இரத்தத்தின் அளவே குறைந்து, அதுவே பழகியும் விடும். பிறகு பூமிக்குத் திரும்பி எழுந்து நின்றால் இருக்கிற இரத்தமும் காலுக்கு இறங்கி, தலைக்குப் போதாமல், ஆள் மயங்கி விழுவார்.

விண்வெளிக்கு ஆள் அனுப்ப எங்கள் கல்லூரிக்கு வசதி இல்லை. ஆனால் அதற்கும் ஒரு வழி உண்டு. ஒருவரைப் படுக்கவைத்து, கட்டிலின் கால்மாட்டைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் தலை சற்றுத் தாழும். உடம்பு ஏறக்குறைய அதே மாதிரி ஏமாறும். பணக்கார நாடுகளில் இதற்கென்றே கட்டில் இருக்கிறது. எங்களிடம் விடுதிக் கட்டிலும் செங்கல்லும். மாணவர்களை நாலு மணி நேரம் படுக்கவைத்து எடுத்த அளவுகளோடு 2012 ஆகஸ்டில் சிட்னியில் ஒரு கருத்தரங்குக்குப் போனேன். எப்படி அழைத்தார்கள், யார் அனுப்பினார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாத கதை.

சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரன். எண்பதுகளில் பாளையங்கோட்டையில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்து படித்தவன். இப்போது சிட்னியில் நார்த்மீடு என்ற இடத்தில் வீடு. "மச்சான், ஹோட்டல் கீட்டல் எண்டு போனியெண்டால் பிறகு என்ர மூஞ்சையில முழிக்காதை" என்று போனிலேயே மிரட்டினான். கூடவே ஒரு வேலையும் வைத்தான். அவன் வீட்டுக் கராஜில் ரவீந்திரன் என்று ஒருவர் தங்கியிருக்கிறார். படகில் அகதியாகப் போனவர். அவருடைய மனைவி கலாவும் மகளும் எங்கள் மாவட்டத்து அகதி முகாமில் இருக்கிறார்கள். அந்த அம்மா ஒரு பார்சல் தருவார், வாங்கி வரவேண்டும்.

முகாமுக்குப் போய் வாங்கினேன். ஒரு குப்பி வலி எண்ணெய், ஒரு பொட்டலம் முருங்கை விதை. "முதுகு பிடிச்சுப் படுத்த படுக்கையாம் சேர். நல்லா உருவித் தேய்க்கச் சொல்லுங்கோ. ஹியரிங் முடிஞ்சு விசா வந்தால் எங்களைக் கூப்பிடுவார்" என்றார் கலா. அறை வாசல்வரை வந்து கைகூப்பினார்.

சிட்னி விமான நிலையத்தில் முருங்கை விதை பிடிபட்டது. அதிகாரிப் பெண் பொட்டலத்தைப் பிரித்து, "இது விதை. இது என் நாட்டுக்குள் வராது" என்றார், ஏதோ விதைக்கும் விசா கேட்பது போல. எண்ணெய்க் குப்பியைத் திறந்து முகர்ந்தவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இதை யாரும் குடிப்பதில்லை என்று நம்புகிறேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதையும் பறித்துப் போட்டிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை. சிவபாலன் வேலையில் இருந்ததால் பரமட்டா வரை ரயிலில் வந்துவிடச் சொல்லியிருந்தான். தண்டவாளத்தில் வேலை நடக்கிறது என்று பாதியில் எல்லோரையும் இறக்கி, ரயிலுக்குப் பதிலாக பஸ்ஸில் ஏற்றினார்கள். நம் ஊராக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டு ஒரு பாட்டம் கத்தியிருப்போம். இங்கே ஒரு சத்தம் இல்லை. பூச்செடித் தொட்டியை மடியில் வைத்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், "கவலைப்படாதே, எந்த சனிக்கிழமையும் ரயில் ஓடாது, திங்கட்கிழமை மறந்துவிடுவோம்" என்றார். டிரைவர் வழியைத் தவறவிட்டு ஒரு கிடங்குத் தெருவுக்குள் புகுந்து பின்னால் எடுத்து வந்தார். அதற்கும் யாரும் கத்தவில்லை.

மறுநாள் காலை சிவபாலனின் மனைவி யோகா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும் வைத்தார். எங்கள் ஊரில் புட்டு என்றால் சீனியும் வாழைப்பழமும்தான். இங்கே சொதியை ஊற்றிக் குழைத்து அடித்தேன். "அண்ணை, கூச்சப்படாமல் போடுங்கோ. குசினியில இன்னும் ஒரு நீத்துப்பெட்டி புட்டு அவிச்சுக் கிடக்கு" என்றார். சாப்பிட்ட கை காய்வதற்குள் சிவபாலன் என்னைக் கராஜுக்குக் கூட்டிப்போனான்.

கார் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டில், ஒரு சின்ன ஹீட்டர், சுவரோரம் ஒரு நாற்காலி. கட்டிலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் படுத்திருந்தார். அவர் கால், வீட்டுக்குள்ளிருந்து நாங்கள் நுழைந்த உள்கதவைப் பார்த்து இருந்தது. என்னைக் கண்டதும் சடாரென்று இரண்டு காலையும் மடக்கிப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு எழுந்து நிற்கப் பார்த்தார். நின்ற வேகத்தில் முகம் வெளுத்து ஆடினார். சிவபாலன் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தான்.

"இருங்கோ சேர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, எழும்பினால் தலை சுத்துது" என்றார் ரவீந்திரன்.

உண்மையைச் சொன்னால், அந்த மரியாதையில் எனக்கு மனம் குளிர்ந்தது. எங்கள் கல்லூரியில் இப்போதெல்லாம் பையன்கள் முன் பெஞ்சில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் என் வகுப்பைக் கேட்கிறார்கள். நான் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டேன். இங்கே ஒருவர், நடக்கவே முடியாதவர், எனக்குக் கால் தெரியக்கூடாது என்று தவிக்கிறார்.

விஷயம் இதுதான். செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கில் டைல்ஸ் பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துவிட்டது. கிளினிக்கில் சில நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். சில நாளில் முதுகு கொஞ்சம் விட்டது. அதற்குள் அவருடைய முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம் வந்தது. படுத்தவர் பிறகு எழவில்லை. ஐந்து வாரம். "எழும்பி என்ன செய்யிறது எண்டு கிடந்திட்டன் சேர்" என்றார். இப்போது மேல்முறையீட்டு விசாரணை, வருகிற வியாழக்கிழமை. பாதி நாள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும். அதில் ஜெயித்தால்தான் கலாவையும் மகளையும் கூப்பிட முடியும். தோற்றால் எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாது.

"வியாழனுக்கிடையில என்னை எழுப்பி நிப்பாட்டி விடுவியளோ சேர்?" என்று கேட்டார்.

நான் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று கராஜின் தரையைக் கார் நுழைகிற வாசல் பக்கம் சரித்துக் கட்டியிருந்தார்கள். வடக்கே தலை வைக்கக்கூடாது என்று ரவீந்திரன் அந்த வாசல் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தார். ஆக, தலை தாழ்வாகவும் கால் உயரமாகவும், நான் செங்கல் வைத்துச் செய்வதை அந்தத் தரையே செய்துவைத்திருந்தது. என் மாணவர்கள் நாலு மணி நேரம். இவர் ஐந்து வாரம்!

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அது அந்த மனிதருக்காக வந்த சந்தோஷம் இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுப் பாடத்தையும் நடத்தினேன். உங்களுக்கு வந்திருப்பது நோய் இல்லை, விண்வெளி வீரர்களுக்கு வருவதுதான் என்றேன். அவர்கள் இறங்குவதற்கு முன்பு உப்புத் தண்ணீர் குடிப்பார்கள், காலை இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு போடுவார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். "அப்ப நான் றொக்கெற்றில போகாமலே போயிட்டு வந்திட்டன்" என்று சிரித்தார். சிவபாலனும் சிரித்தான். நான் எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் குடிக்கவும், நாளுக்கு ஐந்தாறு தடவை காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பிறகு மெல்ல எழுந்து நிற்கவும் சொன்னேன். படுத்தபடியும் நின்றபடியும் நாடி பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். கலா கொடுத்த எண்ணெய்க் குப்பியைக் கையில் கொடுத்தபோது அவர் அதை மூடியோடு முகர்ந்து பார்த்தார். முருங்கை விதை பிடிபட்ட கதையைச் சொன்னேன். "விதையும் கடலால வந்திருந்தால் விட்டிருப்பினமோ தெரியேல்லை" என்றார்.

திங்கட்கிழமை கருத்தரங்கு. மதியம் குளிர்ந்த ரொட்டிக்கு நடுவில் வெள்ளரிக்காய் வைத்துக் கொடுத்தார்கள். எலி கடிக்கிற மாதிரிக் கடித்து முடித்தேன். என் அளவுகளை அச்சிட்டு மாட்டியிருந்த சுவரொட்டிக்கு முன்னால் ஒரு நரைத்த பெண் விஞ்ஞானி நெடுநேரம் நின்றார். "அழகான வேலை. ஆனால் நாலு மணி நேரம் என்பது ஒரு மதியத் தூக்கம். இதயம் மாறவேண்டுமென்றால் வாரக்கணக்கில் படுக்கவேண்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் ஐந்து வாரம் படுத்த ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவர் புருவத்தைத் தூக்கினார். "அப்படியா? அவரைக் கவனமாகப் பார்த்துக்கொள்" என்றார். அளவுகளைக் கவனமாக எடு என்கிறார் என்றே நான் புரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை திரும்பியதும் நேரே கராஜுக்குப் போனேன். ரவீந்திரன் நன்றாக முன்னேறியிருந்தார். சுவரைப் பிடிக்காமல் ஐந்து நிமிடம் நின்று காட்டினார், மயக்கம் வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுபடி படுக்கையில் சாய்ந்தவர் தயங்கித் தயங்கி, "சேர், ஒரு கால் காட்டவேணும். குறை நினைக்கக் கூடாது" என்றார்.

போர்வையின் ஓரத்தைத் தூக்கி இடது காலை மட்டும் வெளியே எடுத்தார். வலது கால் உள்ளேயே மடங்கி இருந்தது. இடது கெண்டைக்கால் உப்பி, தோல் மினுமினுத்தது. "காலமையில இருந்து இழுத்துப் பிடிக்குது. தொட்டால் சுடுற மாதிரிக் கிடக்கு."

நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. என் மனதில் பளிச்சென்று பாடம்தான் வந்தது. ஐந்து வாரம் காலில் இரத்தம் இல்லை. இப்போது இரண்டு நாளாக எழுந்து நிற்கிறார், இரத்தம் காலுக்குத் திரும்புகிறது, கால் உப்புகிறது. பூமிக்குத் திரும்பிய உடம்பு. என் பயிற்சி பலித்துவிட்டது.

"இது நல்லதுதான். ரத்தம் கீழே இறங்குது. உடம்பு நிமிரப் பழகுதுன்னு அர்த்தம்" என்றேன்.

"சிவா அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போவமோ எண்டு கேட்டவர். நான்தான் வேண்டாம் எண்டனான். ஹியரிங்குக்கு முதல் ஆஸ்பத்திரியில பேர் பதிஞ்சால், வருத்தக்காரன் எண்டு கேஸிலயும் எழுதிப் போடுவினம் எண்டு சனம் சொல்லுது." என் முகத்தைப் பார்த்து, "ஆனால் நீங்கள் போ எண்டால் போறன் சேர்" என்றார்.

சனம் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. "தேவையே இல்லை. வேணும்னா உங்க வீட்டம்மா குடுத்த எண்ணெயைப் போட்டு நல்லா உருவி விடுங்க, இழுப்பு விட்டுடும்" என்றேன். நாடி பார்த்தேன். படுத்திருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமையைவிட வேகமாக அடித்தது. அதையும் நோட்டில் எழுதினேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அவர் உடனே இடது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "காலைக் காட்டிப்போட்டன்" என்று மறுபடி மன்னிப்புக் கேட்டார்.

அன்று அவர் எனக்கு முன்னால் எண்ணெய் போடவில்லை. நான் வீட்டுக்குள் வந்தபிறகு கராஜ் பக்கமிருந்து அந்த நெடி வந்தது. தேய்க்கிறார் என்று திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

புதன்கிழமை காலை தேநீர் கொடுக்கும்போது யோகா, "அண்ணை, ரவி கொஞ்சம் இளைக்கிறார். சாப்பாடு குடுக்கப் போனால் மூச்சு வாங்கி வாங்கித்தான் கதைக்கிறார்" என்றார். ஐந்து வாரம் படுத்தவருக்கு நிற்பதே மலையேறுகிற மாதிரிதான் என்று பதில் சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். அன்று மதியத்தோடு கருத்தரங்கு முடிந்தது. வந்ததற்குத் துறைமுகத்தைப் பார்க்காமல் போவதா என்று படகுத் துறைக்குப் போனேன். பொரித்த உருளைக்கிழங்கு வாங்கி உட்கார்ந்தால் ஒரு கடற்பறவை வந்து கையிலிருந்தே கொத்திக்கொண்டு போயிற்று. பக்கத்தில் இருந்த இரண்டு பள்ளிச் சிறுமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். எதிர்க்கரையில் உள்ள மேன்லிக்குப் படகில் போய் அடுத்த படகில் திரும்பினேன். வீட்டுக்கு வந்தபோது ரவீந்திரன் தூங்கிவிட்டார் என்றார்கள். எழுப்பவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர் சவரம் செய்து, சிவபாலனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, கராஜ் வாசலில் நின்றார். கோட்டு தோளில் தொங்கியது. இடது கால் ஷூவுக்குள் சரியாக ஏறவில்லை என்று நாடாவைக் கட்டாமல் விட்டிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. பயமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பாத்தியளோ சேர், நிக்கிறன்" என்றார்.

கார்வரை பத்தடி இருக்கும். நான் ஒரு பக்கமாக நடந்தேன். ஐந்தாறு அடி வைத்திருப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு... மூச்சு" என்றார். அப்படியே மடிந்து விழுந்தார். நின்றதால் வந்த மயக்கம் என்றுதான் நான் அப்போதும் நினைத்தேன். "படுக்க வையுங்க, காலைத் தூக்கிப் பிடிங்க, சரியாயிடும்" என்று கத்தினேன். சிவபாலன் ஒரு காலையும் நான் ஒரு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் கையில் இருந்தது இடது கால். சரியாகவில்லை. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் எங்களைத் தள்ளிவிட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். விசாரணை தொடங்கவேண்டிய பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். சீனப் பெண், முப்பது வயது இருக்காது. இறந்துவிட்டார் என்று நேராகச் சொன்னார். காலில் உறைந்த பெரிய கட்டி நுரையீரலை அடைத்திருக்கிறது என்றார். சிவபாலன் அழுதபடியே, என்னைக் காட்டி, இவர் இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிற பேராசிரியர், இரண்டு நாளுக்கு முன்பு காலைப் பார்த்தார் என்று சொன்னான். என்னைக் குறை சொல்வதற்காக இல்லை. நாங்கள் கவனிக்காமல் விடவில்லை என்று அவருக்குத் தெரியவேண்டும் என்று.

அந்தப் பெண் என்னிடம் திரும்பி மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அப்படியா? மற்றக் கால் எப்படி இருந்தது?"

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. எடையின் விதி இரண்டு காலுக்கும் ஒன்றுதான். இரத்தம் கீழே திரும்பி வந்து காலை உப்ப வைப்பதென்றால் இரண்டு காலையும் சேர்த்தே உப்ப வைக்கும். ஒரு கால் மட்டும் உப்பிச் சுட்டால் அது வேறு. ஐந்து வாரம் அசையாமல் கிடந்த ஒருவரின் ஒரு காலில் அது என்னவென்று என் இரண்டாம் வாரத்து மாணவன் சொல்வான். இரும்பு வியாபாரிக்கே சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

"பார்க்கவில்லை" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு சிட்னியில் நான் பார்த்தது எதுவும் எழுதும்படியாக இல்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டேன். சிவபாலன் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரிசோதனையெல்லாம் முடிந்து உடலைத் தர ஒன்பது நாளாயிற்று. குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்தும் வேறு எங்கெங்கோ இருந்தும் அவரோடு படகில் வந்தவர்கள் பதினைந்து பேர் வேலைச் சட்டையோடு வந்தார்கள். உடலுக்கு வேட்டி கட்டி முடித்ததும், வழக்கப்படி இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்ட, சிவபாலன் வெள்ளைத் துணியைக் கிழித்தான். அப்போதுதான் அந்த இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். வலது கால் எலும்பும் தோலுமாக இருந்தது. இடது கால் அதைப்போல் ஒன்றரை மடங்கு. வீங்கிய பெருவிரலில் முடிச்சு நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை நான் பிடித்துக்கொள்ள, அவன் கட்டினான். கதவோரத்தில் நின்ற ஒருவர், "அவற்ற கேஸ் இனி முடிஞ்சுது" என்று மெதுவாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

திரும்பும் விமானத்தில் காலுறைகளைப் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியில் ரவீந்திரனின் துணி சில, ஒரு கைக்கடிகாரம், முக்கால் குப்பி எண்ணெய் இருந்தன. நோட்டுப் புத்தகத்தில் அவருடைய நாடிக் கணக்கு இருந்தது. அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே முகாமுக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை. கலா வெள்ளைச் சேலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, நான் உட்கார்ந்தபிறகுதான் உட்கார்ந்தார். பெட்டியைக் கொடுத்தேன். எண்ணெய்க் குப்பியை எடுத்துத் தூக்கிப் பிடித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார். "போட்டவர்தானே சேர்?" என்றார்.

வழியெல்லாம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று பேசிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அந்தக் குப்பியைப் பார்த்ததும் அதெல்லாம் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். இடது காலைப் பார்த்தேன், தப்பாகச் சொன்னேன், தேய்க்கச் சொன்னேன், தேய்த்தால் கட்டி பிய்த்துக்கொண்டு போகும், தேய்த்திருக்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். வலது காலைக் காட்டச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், கேட்கவில்லை.

கலா குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"மற்றக் காலை அவர் காட்டேல்லையோ சேர்?" என்று கேட்டார்.

"இல்லம்மா. போர்வைக்குள்ளயே வச்சிருந்தார்."

"காட்டியிருக்கமாட்டார்" என்றார். அழுகைக்கு நடுவே அந்த முகத்தில் ஒரு பெருமை வந்தது. "பெரியாக்களுக்கு முன்னால கால் நீட்டமாட்டார் சேர். அவர் எப்பவும் அப்பிடித்தான்."

சொல்லிக்கொண்டே, பாயில் மடக்கியிருந்த தன் காலை இன்னும் கொஞ்சம் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.